ஸ்டால் அணியை உடைப்பது எப்படி? போகிமான் போட்டிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

போகிமான் போட்டிகளை இணையத்தில் ஆடும் ஷோடவுன் தளத்தில், ஓயூ (OU) என்ற பிரிவில் ஆட ஆரம்பித்த யாருக்கும் சில நாட்களிலேயே ஒரு ஸ்டால் அணி, அதாவது அடியைத் தாங்கித் தாங்கியே ஜெயிக்கப் பார்க்கும் அணி, எதிரே வந்து நிற்கும். நீங்கள் அடிப்பீர்கள், எதிராளி ஹீல் செய்துகொள்வார். மறுபடி அடிப்பீர்கள், வேறு ஒன்றை மாற்றி இறக்குவார். நாற்பது ஐம்பது டர்ன் போன பிறகு பார்த்தால் அவருடைய ஆறு போகிமானும் ஏறக்குறைய முழு ஹெச்பியில் (உயிர் அளவில்) நிற்கும். உங்களுடையதில் பாதி விஷத்திலும் கல்லடியிலும் போயிருக்கும். சேலத்தில் எங்களோடு ஆட வரும் தம்பிகள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சாயங்காலம், தட்டுவடை செட் சாப்பிட நிற்கும் இடத்தில், ஃபோனை நீட்டி, “என்னங்கண்ணா இது, அடிச்சா ஹீல் பண்றான், அடிச்சா ஹீல் பண்றான், இவனை என்னதாங்ண்ணா பண்றது?” என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். எண்களெல்லாம் ஒன்பதாம் தலைமுறைக்கு, அதாவது 2022-இல் வந்த ஸ்கார்லெட், வயலெட் விளையாட்டுகளுக்கு உரியவை.

ஸ்டால் நியாயமான ஆட்டமா என்ற சண்டை ரொம்ப நாளாக நடக்கிறது. “இது விளையாட்டே இல்லை, தடை செய்யணும்” என்பவர்கள் எங்கள் கூட்டத்திலும் உண்டு. என் கருத்து வேறு. தப்பிக்கவே விடாத விஷயங்களை, இந்தப் பிரிவுகளுக்கு விதி வகுக்கும் ஸ்மோகன் குழு ஏற்கெனவே எடுத்துவிட்டது: எதிரியை மாற்ற விடாமல் பூட்டும் ஷேடோ டேக், அரீனா ட்ராப் ஆகிய எபிலிட்டிகள் (போகிமானின் இயல்புத் திறன்கள்) ஓயூவில் கிடையாது. அடியே படாமல் நழுவ வைக்கும் டபுள் டீம் மாதிரி மூவ்களும் கிடையாது. ஏற்றிய பலத்தை அடுத்த போகிமானுக்குக் கைமாற்றும் பேட்டன் பாஸும் தடைதான். இவ்வளவையும் எடுத்த பிறகு மிச்சமிருக்கும் ஸ்டாலை விட்டுவைத்திருக்கிறார்கள் என்றால், அதை உடைக்க வழி இருக்கிறது என்று அர்த்தம். அந்த வழியைக் கற்றுக்கொண்டால் உங்கள் ஆட்டமே ஒரு படி மேலே போகும். ஏனென்றால் ஸ்டாலுக்கு எதிராகத் திட்டம் போடத் தெரியாதவரால் மற்ற அணிகளோடும் திட்டம் போட்டு ஆட முடியாது.

எதிரே நிற்பது என்ன?

பெயர்கள் மாறும், வேலைகள் மாறாது. ஆட்டம் தொடங்கும் முன் அணிகளைக் காட்டும் டீம் ப்ரிவ்யூவில் பிளிஸி, டொண்டோசோ, கிளாட்ஸையர், டாக்ஸபெக்ஸ், கிளைஸ்கோர், கார்விநைட் என்ற ஆறில் மூன்று நான்கு தெரிந்தாலே ஸ்டால் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடி இரண்டு வகை: ஃபிசிக்கல் அடியை டிஃபென்ஸ் தாங்கும், ஸ்பெஷல் அடியை ஸ்பெஷல் டிஃபென்ஸ் தாங்கும். பிளிஸி ஸ்பெஷல் அடியை வாங்குவதற்கு. அதன் அடிப்படை ஹெச்பி 255. எல்லாப் போகிமானிலும் இதுதான் அதிகம். லெவல் 100-இல் முழுதாக வளர்த்தால் 714 வரும். சாஃப்ட்-பாய்ல்ட் என்ற ஹீல் மூவை ஒருமுறை போட்டால் 357 திரும்பி வந்துவிடும். ஆனால் அதன் அடிப்படை டிஃபென்ஸ் வெறும் 10. இந்த ஒரு எண்ணை மறக்காதீர்கள்.

டொண்டோசோவும் கிளாட்ஸையரும் அன்அவேர் எபிலிட்டிக்காக இருக்கின்றன. தாக்கும் பலத்தை ஏற்றும் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் மூவை நீங்கள் மூன்று தடவை போட்டு அடித்தாலும் அன்அவேர் உள்ளது அந்த ஏற்றத்தைக் கணக்கிலேயே எடுக்காது. புதியவர்கள் ஸ்டாலிடம் தோற்பதற்கு முக்கியமான காரணம் இதுதான். வழக்கமாக ஜெயித்துக் கொடுக்கும் செட்டப் போகிமானை (இப்படிப் பலத்தை ஏற்றிக்கொண்டு அடிப்பதை) எடுத்துக்கொண்டு போய் டொண்டோசோ மேல் மோதுவார்கள்.

டாக்ஸபெக்ஸுக்கு ரீஜெனரேட்டர். வெளியே போகும்போதெல்லாம் ஹெச்பியில் மூன்றில் ஒரு பங்கு தானாக ஏறும். பிளிஸிக்கு நேச்சுரல் கியூர், வெளியே போனால் விஷம் தெளிந்துவிடும். கிளைஸ்கோர் பாய்ஸன் ஹீல் வைத்துக்கொண்டு விஷத்தையே மருந்தாக்கி டர்னுக்கு எட்டில் ஒரு பங்கு ஏற்றிக்கொள்ளும்.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். ஸ்டாலின் உயிர் ஹீல் மூவில் மட்டும் இல்லை, மாற்றி மாற்றி இறக்குவதில் இருக்கிறது. உங்கள் அடி எந்த வகையோ அதற்குரிய சுவர் வந்து நிற்கும், வாங்கும், போகும், போகிற போக்கில் சரியாகிவிடும். ஆகவே உங்கள் வேலை, அவர் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஏதாவது ஒன்றை இழக்க வைப்பது. கீழே சொல்லும் எல்லாமே இதற்காகத்தான்.

முதல் வேலை: பூட்ஸைக் கழற்றுங்கள்

எதிராளியின் பக்கம் ஸ்டெல்த் ராக் போட்டுவிட்டால் உள்ளே வரும் ஒவ்வொன்றும் கல்லடி வாங்கும்: சாதாரணமாக எட்டில் ஒரு பங்கு, ராக் டைப்புக்குப் பலவீனமென்றால் கால் பங்கு, இரட்டைப் பலவீனமென்றால் பாதி. ஸ்பைக்ஸ் மூன்று அடுக்கு போட்டால் தரையில் நிற்பவற்றுக்குக் கால் பங்கு போகும். ஸ்டெல்த் ராக் 2006-இல் டைமண்ட், பேர்ல் விளையாட்டுகளோடு வந்தது. அன்றிலிருந்து மாற்றி மாற்றி ஆடுபவர்களுக்கு அதுதான் பெரிய தலைவலி. 2019-இல் ஹெவி-ட்யூட்டி பூட்ஸ் என்ற கைப்பொருள் வந்ததும் அந்தத் தலைவலி போய்விட்டது. பூட்ஸ் போட்டிருந்தால் கல்லும் படாது, முள்ளும் குத்தாது. இன்றைய ஸ்டால் அணியில் பாதிக்கு மேல் பூட்ஸ் இருக்கும்.

அதனால்தான் நாக் ஆஃப் என்ற மூவ். எதிரியின் கையில் பொருள் இருந்தால் 65 வலிமை ஒன்றரை மடங்காகும், அடித்து முடித்ததும் பொருள் போய்விடும், அந்த ஆட்டம் முடியும்வரை திரும்பி வராது. ஸ்டாலிடம் திரும்பப் பெற முடியாத இழப்பு என்று இருப்பது மிகச் சில. அதில் இது முதல். முதல் பத்துப் பதினைந்து டர்னில் யாரையும் கொல்ல வேண்டும் என்று பார்க்காதீர்கள். யார் வந்தாலும் நாக் ஆஃப் அடியுங்கள். டாக்ஸபெக்ஸ் வருகிறதா, அதன் பொருளை எடுங்கள். பிளிஸி வருகிறதா, இன்னும் நல்லது. கிளைஸ்கோர் மட்டும் விதிவிலக்கு: டாக்ஸிக் ஆர்ப் ஒருமுறை வேலை செய்து அதற்கு விஷம் ஏறிவிட்டால், பிறகு ஆர்ப்பைப் பிடுங்கி எந்தப் பயனும் இல்லை.

கிரேட் டஸ்க் இந்த வேலைக்கு நல்ல ஆள். நாக் ஆஃப், ஸ்டெல்த் ராக், ரேப்பிட் ஸ்பின், டான்ட் நான்கையும் கற்கும். எல்லாவற்றையும் ஒரே செட்டில் திணிக்க வேண்டியதில்லை, உங்கள் அணியில் எது குறைகிறதோ அதை வையுங்கள்.

கல் போட்டதும் எதிராளி டிஃபாக் அல்லது ரேப்பிட் ஸ்பின் போட்டு எடுக்கப் பார்ப்பார். நீங்கள் ஆடும் பிரிவில் கோல்டெங்கோ அனுமதிக்கப்பட்டிருந்தால் (தடைப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், அணி கட்டும் முன் ஒருமுறை பாருங்கள்) இங்கே அது பெரிய துணை. கோஸ்ட் டைப் என்பதால் ரேப்பிட் ஸ்பின் அதன் மேல் பலிக்காது. குட் ஆஸ் கோல்ட் எபிலிட்டியால் டிஃபாக்கும் பலிக்காது, டாக்ஸிக் விஷமும் ஏறாது. பிளிஸி சீஸ்மிக் டாஸ் போட்டு 100 ஹெச்பி எடுக்கலாம் என்று பார்த்தால் கோஸ்ட் மேல் அதுவும் படாது. கோல்டெங்கோ இல்லாத இடத்தில், டிஃபாக் போடும் கார்விநைட் வரும்போதெல்லாம் அதை வலிக்க அடிக்கக்கூடிய எலெக்ட்ரிக், ஃபயர் அடி கையில் இருக்கட்டும். அவர் கல்லை எடுக்கும் அந்த ஒரு டர்ன் உங்களுக்கு இலவசம்.

பூட்ஸ் போய்விட்டது, கல் தரையில் இருக்கிறது என்ற நிலை வந்ததும் ஆட்டத்தின் நடையே மாறிவிடும். பிளிஸி ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் 89 ஹெச்பி கொடுத்துவிட்டு வரும். அதுவரை சும்மா மாற்றிக்கொண்டிருந்தவர் மாற்றுவதற்கு யோசிக்க ஆரம்பிப்பார்.

ப்ரிவ்யூவில் கேட்க வேண்டிய கேள்வி

ஆட்டம் தொடங்கும் முன் ஒரு நிமிடம் எடுத்து உங்களையே கேளுங்கள்: அவருடைய ஆறில் எந்த ஒன்று விழுந்தால் என்னுடைய எந்த ஒன்று மிச்சம் ஐந்தையும் முடிக்கும்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி ஆட்டம் முடிந்த மாதிரி.

உதாரணம் சொல்கிறேன். உங்களிடம் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் போடும் ஃபிசிக்கல் போகிமான் ஒன்று இருக்கிறது. அதை நிறுத்துவது டொண்டோசோ மட்டும்தான் என்று வையுங்கள். அப்படியென்றால் முழு ஆட்டமும் டொண்டோசோவைக் குறிவைத்துத்தான். ஸ்வார்ட்ஸ் டான்ஸ் ஆளை அதுவரை வெளியே காட்டவே வேண்டாம். டொண்டோசோவின் ஹீல் பெரும்பாலும் ரெஸ்ட். போட்டால் முழு ஹெச்பி வரும், ஆனால் இரண்டு டர்ன் தூங்கும். அது தூங்கப் போகும்போது உங்கள் கிராஸ் அல்லது எலெக்ட்ரிக் ஸ்பெஷல் ஆளை இறக்குங்கள். அதன் ஸ்பெஷல் டிஃபென்ஸ் அடிப்படையில் 65 தான், தாங்காது. எதிராளிக்கும் இது தெரியும், பிளிஸியை மாற்றுவார். நீங்கள் அதைத்தான் எதிர்பார்க்க வேண்டும். அந்த டர்னில் எலெக்ட்ரிக் அடிக்குப் பதிலாக சைஷாக் போடுங்கள். அது ஸ்பெஷல் மூவ், ஆனால் எதிரியின் சாதாரண டிஃபென்ஸைத்தான் கணக்கில் எடுக்கும். அடிப்படை டிஃபென்ஸ் 10 உள்ள பிளிஸிக்கு அது பலமாக விழும். உங்களிடம் சைஷாக் இல்லையா? அடிக்காமல் நீங்களும் நாக் ஆஃப் ஆளுக்கு மாறுங்கள். அவர் ஒன்று மாற்றும் அதே டர்னில் நீங்களும் மாற்றுவதை டபுள் ஸ்விட்ச் என்பார்கள். வேகமான அணிகளோடு ஆடும்போது இது ஆபத்தான விளையாட்டு. ஸ்டாலோடு ஆடும்போது ஆபத்து மிகக் குறைவு, ஏனென்றால் கணிப்பு தவறினாலும் அவரால் உங்களைப் பெரிதாக அடிக்க முடியாது. இந்தச் சலுகையைப் புதியவர்கள் பயன்படுத்துவதே இல்லை. பயந்து பயந்து ஒரே இடத்தில் நின்று அடித்துக்கொண்டிருப்பார்கள்.

போகிமானின் டைப்பையே மாற்றும் டெராவையும் கணக்கில் வையுங்கள். ஆட்டத்துக்கு ஒருமுறைதான். அவர் டெரா போடும்வரை, “இந்த அடியில் விழுந்துவிடும்” என்று நம்பி உங்கள் முக்கியமான ஆளைப் பணயம் வைக்காதீர்கள்.

டான்ட், ட்ரிக், தனி வலிமை

டான்ட் போட்டால் மூன்று டர்ன் ஸ்டேட்டஸ் மூவ் (நேரடியாக அடிக்காத மூவ்) எதுவும் எதிரியால் போட முடியாது. ஹீல் கிடையாது, டாக்ஸிக் கிடையாது, ரெஸ்ட் கிடையாது. தூங்கிக்கொண்டிருக்கும் டொண்டோசோவால், தூக்கத்திலும் மூவ் போட உதவும் ஸ்லீப் டாக் கூடப் போட முடியாது. வேகம் பற்றிக் கவலை வேண்டாம். கிளாட்ஸையரின் அடிப்படை வேகம் 20, டொண்டோசோவும் டாக்ஸபெக்ஸும் 35, பிளிஸி 55, கார்விநைட் 67. கிரேட் டஸ்க்கின் 87 இவை எல்லாவற்றையும் முந்தும். கிளைஸ்கோர் மட்டும் 95. ஆனால் வெறும் டான்ட் போதாது. டான்ட் போட்டவர் பலமாக அடிக்கவும் வேண்டும். அடி மெல்லியதாக இருந்தால் எதிராளி மாற்றிவிட்டுப் போய்விடுவார், டான்ட்டும் அதோடு போகும்.

ட்ரிக் எனக்குப் பிடித்த வழி. சாய்ஸ் ஸ்கார்ஃப் அல்லது சாய்ஸ் ஸ்பெக்ஸ் வைத்திருக்கும் ஆளால் பிளிஸி மேல் ட்ரிக் போட்டால் அவர் பூட்ஸ் உங்களுக்கு, உங்கள் சாய்ஸ் பொருள் அவருக்கு. இனி பிளிஸி உள்ளே நிற்கும்வரை ஒரே மூவைத்தான் போட முடியும். சாஃப்ட்-பாய்ல்ட் போட்டால் அதிலேயே பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் நீங்கள் செட்டப் செய்துகொள்ளலாம். பிளிஸிக்கு அன்அவேர் கிடையாது.

அன்அவேர் சுவர்களைச் சாய்க்க ஏற்றம் உதவாது என்று சொன்னேன். ஆனால் சாய்ஸ் பேண்ட், சாய்ஸ் ஸ்பெக்ஸ் தரும் ஒன்றரை மடங்கு, மூவால் வரும் ஏற்றம் அல்ல. அது பொருளின் வலிமை, அன்அவேரால் அதைத் தடுக்க முடியாது. மோல்ட் பிரேக்கர் எபிலிட்டி உள்ள போகிமான் அன்அவேரையே மதிக்காது. உங்கள் ஆறில் ஒன்றாவது இந்த மாதிரி இருக்கட்டும்: பேண்ட் அல்லது ஸ்பெக்ஸ் பூட்டி, எதையும் ஏற்றாமல், இறங்கியதும் பலமாக அடிப்பது. பிளிஸிக்காக ஃபிசிக்கல் ஆள், டொண்டோசோவுக்காக ஸ்பெஷல் ஆள் என்று இரண்டு இருந்தால் இன்னும் நிம்மதி.

2023 டிசம்பரில் வந்த இண்டிகோ டிஸ்க் விரிவாக்கத்தில் சைக்கிக் நாய்ஸ் என்ற மூவ் சேர்ந்தது. அடி வாங்கியவர் இரண்டு டர்ன் ஹீல் செய்ய முடியாது. உங்கள் ஆளுக்கு அது கிடைக்குமென்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தன் ஹெச்பியில் கால் பங்கைக் கொடுத்து முன்னால் ஒரு பொம்மையை நிறுத்தும் சப்ஸ்டிட்யூட் மூவ் பற்றி ஒரு நுணுக்கம். உங்கள் போகிமானின் மொத்த ஹெச்பி 404 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதன் சப்ஸ்டிட்யூட்டுக்கு 101 ஹெச்பியாவது வரும். பிளிஸியின் சீஸ்மிக் டாஸ் எடுப்பது சரியாக 100. ஒரு அடியில் உடையாது.

பிபியை எண்ணுங்கள்

பிபி என்பது ஒரு மூவை எத்தனை முறை போடலாம் என்ற எண்ணிக்கை. எட்டாம் தலைமுறையில் ரெக்கவர் மாதிரி ஹீல் மூவ்களுக்கு அதிகபட்சம் 16 பிபி. ஒன்பதாம் தலைமுறையில் அது 8. ரெஸ்ட், ரூஸ்ட், சாஃப்ட்-பாய்ல்ட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஸ்டால் ஆடுபவர்களுக்கு இது பெரிய அடி. நமக்குப் பெரிய வாய்ப்பு. எட்டு முறை ஹீல் செய்ய வைத்துவிட்டால் அந்தச் சுவர் வெறும் மண்சுவர். எதிரிப் போகிமானின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இதுவரை அது காட்டிய மூவ்களும், மிச்சமிருக்கும் பிபியும் தெரியும். ஒவ்வொரு ஐந்தாறு டர்னுக்கும் ஒருமுறை பாருங்கள். பிரெஷர் எபிலிட்டி உள்ள ஆள் உங்களிடம் இருந்து, அதைக் குறிவைத்து அவர் மூவ் போட்டால் பிபி இரண்டிரண்டாகக் குறையும். தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் ஹீலுக்கு இது பொருந்தாது.

உங்கள் பிபியும் குறையும் என்பதை மறக்கக் கூடாது. ஐந்து பிபி உள்ள பெரிய அடியை யார் வந்தாலும் போட்டுக்கொண்டிருந்தால் கடைசியில் வேண்டிய நேரத்தில் இருக்காது. நாக் ஆஃப் மாதிரி பிபி நிறைய உள்ளதைச் சாதாரண டர்ன்களுக்கு வையுங்கள்.

கிரிட்டிக்கல் ஹிட்டை (தற்செயலாகக் கூடுதல் பலத்தோடு விழும் அடியை) நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். வாய்ப்பு 24-க்கு ஒன்று. நீளமான ஆட்டத்தில் எப்படியும் ஒன்றிரண்டு வரும், வரும்போது பயன்படுத்துங்கள். அதைத் திட்டமாக வைத்தால் உங்கள் ஆட்களை வீணாக இழப்பீர்கள்.

விஷம் ஏறிய ஆளை உள்ளே நிறுத்திக்கொண்டே இருப்பதும் வேண்டாம். டாக்ஸிக்கின் விஷம் பதினாறில் ஒரு பங்கில் ஆரம்பித்து டர்னுக்கு ஒரு பங்கு கூடிக்கொண்டே போகும். ஐந்து டர்னில் பதினாறில் பதினைந்து பங்கு போயிருக்கும், ஆறாவதில் ஆள் காலி. ஒருமுறை வெளியே எடுத்து மறுபடி இறக்கினால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

நேரமும் சிக்னலும்

ஸ்டால் ஆட்டம் நூறு டர்ன் தாண்டுவது சாதாரணம். ஷோடவுனில் 1000 டர்ன் வரை போனால் டிரா. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு வந்து போகும் தம்பிகள் பஸ்ஸில் ஏறியதும் லேடர் ஆட்டம் (தரவரிசைக்கான ஆட்டம்) தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். எதிராளி டைமர் போட்டிருந்தால் இணைப்பு போன நேரமெல்லாம் உங்கள் கணக்கில்தான் கழியும், நன்றாக ஆடியும் நேரத்தில் தோற்பீர்கள். பஸ்ஸில் அணி கட்டுங்கள், பழைய ரீப்ளே பாருங்கள். ஆட்டத்தை வீட்டுக்குப் போய் ஆடுங்கள். இருபது டர்னிலேயே “போதும்டா” என்று சரணடையும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். எதிராளி எதிர்பார்ப்பதே அதைத்தான்.

பழகும் முறை

தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயைச் சேமித்து, முதல் பதினைந்து டர்னை மட்டும் பாருங்கள். அதில் மூன்று விஷயம் தேடுங்கள்: எத்தனை பூட்ஸ் கழன்றது, கல் எத்தனை டர்ன் தரையில் இருந்தது, அவர் ஹீல் செய்த டர்ன்களில் நீங்கள் என்ன செய்தீர்கள். மூன்றாவதுதான் முக்கியம். ஹீல் செய்யும் டர்னில் எதிராளி உங்களை ஒன்றும் செய்வதில்லை. அந்த டர்னில் நீங்களும் மறுபடி அதே அடியைப் போட்டிருந்தால் ஒரு இலவச டர்ன் போயிற்று. அங்கே ஸ்பைக்ஸ் போட்டிருக்கலாம், சரியான ஆளை இறக்கியிருக்கலாம், ட்ரிக் போட்டிருக்கலாம்.

அப்புறம், ஒரு வாரம் நீங்களே ஸ்டால் ஆடிப் பாருங்கள். இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். எங்கள் கூட்டத்தில் ஒருவர் ஸ்டால், மற்றவர் உடைப்பவர் என்று பிரித்துக்கொண்டு ஆடுவோம், மூன்று ஆட்டத்துக்கு ஒருமுறை இடம் மாறுவோம். ஸ்டால் பக்கம் உட்கார்ந்தால்தான் எந்த டர்னில் கை நடுங்குகிறது என்று தெரியும். பிளிஸிக்குப் பூட்ஸ் போன டர்ன், டொண்டோசோ தூங்கும்போது ஸ்பெக்ஸ் ஆள் இறங்கும் டர்ன், ரெக்கவரில் கடைசி இரண்டு பிபி மிச்சமிருக்கும் டர்ன். அந்த டர்ன்களை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மறுபக்கம் உட்காரும்போது அவற்றை வரவழைப்பதுதான் உங்கள் வேலை.